2147483647 என்னும் பகா எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பத்தே இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணை நிரல் எழுதுபவர்கள் 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பாக அறிவார்கள். அது பகா எண்ணும்கூட. கீழே எங்கெல்லாம் 'ப' என்று வருகிறதோ, அங்கெல்லாம் 2147483647 என்று கொள்க.

இந்த எண்ணுக்கு அப்படி என்ன சிறப்பு?

ப = 2³¹ − 1. இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவாக அமையும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். அடுக்குகள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31 என வரும் வரிசையில் இது எட்டாவது. எல்லாப் பகா எண்களையும் 2, 3, 5, 7 என்று எண்ணிக்கொண்டே வந்தால் இதன் இடம் 10,50,97,565.

இரும முறையில் எழுதினால் தொடர்ந்து 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. அதன் நிரூபணம் எளிதானது, கணினியில் வேகமாக இயங்குவது, நிரலில் சில பிழைகளை வரவழைப்பது ஆகிய மூன்றுக்கும் காரணம் இந்த அமைப்புதான்.

இது பகா எண் என்று முதலில் நிறுவியவர் யார்? எப்படி?

லியோனார்ட் ஆய்லர். அவர் பெர்னூலிக்கு எழுதி 1772இல் வெளிவந்த கடிதத்தில் இந்த முடிவு இருக்கிறது. அதற்கு முன்பே இத்தாலியரான கட்டால்டி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் சரியாக நிறுவியிருந்தார். 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களையே தரும் என்றும் அவர் சொன்னார். அந்த நான்கில் 31 மட்டுமே சரி.

நேர்வழியில் போனால், ப-வின் வர்க்கமூலம் 46340.95 என்பதால் 46340 வரையுள்ள 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் அந்த வேலையை வெகுவாகக் குறைத்தார். ப-வுக்கு 'வ' என்ற பகாக் காரணி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வ-வால் வகுக்கும்போது 2³¹-இன் மீதி 1. 31 பகா எண் என்பதால், இரண்டை எத்தனை முறை பெருக்கினால் முதன்முதலில் 1 வரும் என்று கேட்டால் விடை 31 தவிர வேறாக இருக்க முடியாது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி அந்த 31, வ − 1 ஐ மீதியின்றி வகுக்கும். வ ஒற்றைப்படை என்பதையும் சேர்த்தால், வ = 62க + 1 (க ஒரு முழு எண்) என்ற வடிவம் கிடைக்கிறது.

அடுத்து, 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். வ-வால் வகுக்க அதன் மீதி 2. அதாவது வ-வைப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க எண். அப்படியானால் வ-வை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்கும். இரண்டு நிபந்தனைகளும் சேரும்போது, காரணி 248க + 1 அல்லது 248க + 63 என்ற வடிவில் மட்டுமே இருக்க முடியும்.

46340க்குள் முதல் வடிவில் 186 எண்களும் இரண்டாவதில் 187 எண்களும் உள்ளன. அவற்றில் பகு எண்களைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது எண்பதை ஒட்டிய எண்ணிக்கைதான். முதல் மூன்றை நீங்களே வகுத்துப் பாருங்கள்: 311ஆல் வகுத்தால் மீதி 35, 1303ஆல் வகுத்தால் 226, 1489ஆல் வகுத்தால் 199. கடைசிவரை எதுவும் மீதியின்றி வகுக்காது.

வகுத்துப் பார்க்காமலே நிறுவ வழி உண்டா?

உண்டு. லூக்காஸ்–லேமர் சோதனை. மெர்சென் வடிவ எண்களுக்கென்றே அமைந்தது, மிகச் சுருக்கமானது. 4இல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, ப-வால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கு 31 என்பதால் 29 படிகள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

தொடக்கம் இப்படிப் போகும்: 4, 14, 194, 37634, 1416317954, 669670838, 1937259419... முடிவில் 211987665, 1181536708, 65536, 0.

கடைசிக்கு முந்தைய 65536 தற்செயல் அல்ல. 65536 = 2¹⁶. அதன் வர்க்கம் 4294967296, இரண்டைக் கழித்தால் 4294967294. அது சரியாக 2 × 2147483647. ஆய்லரின் வாதத்தில் வந்த அதே 2¹⁶ இங்கேயும் வருகிறது. அடுக்கு 'அ' ஆக உள்ள எந்த மெர்சென் பகா எண்ணிலும் கடைசிக்கு முந்தைய மதிப்பு 2-இன் (அ + 1)/2 அடுக்காகவோ அதன் எதிர்ம எண்ணாகவோ இருக்கும். உதாரணமாக 127க்கு 4, 14, 67, 42, 111, 0 என்று வரும். 111 என்பது 127 − 16. உங்கள் நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இது நல்ல சோதனைப் புள்ளி.

படிகளின் எண்ணிக்கையில்தான் பலரும் தவறுவார்கள். 4ஐ முதல் எண்ணாகக் கொண்டால் பட்டியலில் 30 எண்கள், படிகள் 29. ஒரு படி கூடினால் −2 (அதாவது ப − 2) வந்துவிடும். பகா எண்ணைப் பகு எண் என்று அறிவித்துவிடுவீர்கள்.

என் நிரல் இதைப் பகு எண் என்கிறது. எங்கே தவறு?

பெரும்பாலும், இ = 2, 3, 4 என்று ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கும் சுற்றின் 'இ × இ ≤ எண்' என்ற நிபந்தனையில். இ என்பது 32 பிட் குறியுள்ள முழு எண்ணாக இருந்தால், 46340 வரை பிரச்சினை இல்லை. 46341-இன் வர்க்கம் 2147488281. அது வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஜாவா போன்ற மொழியில் அது −2147479015 என்று சுருண்டுவிடும். எதிர்ம எண் எப்போதும் ப-வை விடச் சிறியதுதானே? நிபந்தனை உண்மையாகவே இருக்கும்.

உண்மையில் 32 பிட்டில் அடங்கும் எந்த மதிப்பும் ப-வைத் தாண்ட முடியாது என்பதால் இந்தச் சுற்று நிற்கவே நிற்காது. இ ஏறிக்கொண்டே போய் 2147483647ஐத் தொடும்போது, எண் தன்னைத் தானே வகுக்கும். மீதி 0. 'பகு எண்' என்று நிரல் சொல்லிவிடும். சி மொழியில் நிலைமை இன்னும் மோசம். குறியுள்ள எண்ணில் வரம்பு மீறினால் என்ன நடக்கும் என்று மொழி வரையறுக்கவே இல்லை.

தீர்வு: 'இ ≤ எண் ÷ இ' என்று எழுதுங்கள், அல்லது இ-யை 64 பிட் எண்ணாக அறிவியுங்கள். பைத்தானில் முழு எண்களுக்கு வரம்பு இல்லாததால் இந்தச் சிக்கல் எழாது.

மில்லர்–ராபின் சோதனையில் அடிமானம் 2 மட்டும் போதுமா?

போதாது. மில்லர்–ராபின் என்பது, அடிமானம் எனப்படும் ஓர் எண்ணை அடுக்குகளுக்கு உயர்த்தி, வரும் மீதிகளைக் கொண்டு பகா எண்ணா என்று பார்க்கும் சோதனை. மெர்சென் வடிவ எண்களுக்கு அடிமானம் 2 எதையுமே சொல்லாது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், 2ஐ அடிமானமாகக் கொண்ட சோதனையை அந்த எண் தானாகவே தாண்டிவிடும், பகு எண்ணாக இருந்தாலும். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இது அடிமானம் 2இல் பகா எண் போலவே தோன்றும். 2, 7, 61 என்ற மூன்று அடிமானங்களையும் போட்டுவிடுங்கள். 4,759,123,141க்குக் குறைவான எந்த எண்ணுக்கும் அந்த மூன்றும் சேர்ந்து ஐயமற்ற விடை தரும்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2-இன் அடுக்கு கழித்தல் 1 எப்போதும் பகா எண்தானா?

இல்லை. மேலே பார்த்த 2047 ஒரு சான்று. 2²³ − 1 = 47 × 178481. 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. மறுதலை மட்டுமே உண்மை: அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகவே இருக்கும்.

மாரான் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலிலும் 67, 257 தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 விடுபட்டன. 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்று பிராங்க் நெல்சன் கோல் 1903இல் காட்டினார்.

நிறைவெண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த வகுத்திகள் எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் தானேயாக இருப்பது நிறைவெண்: 6 = 1 + 2 + 3. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண் தரும் என்பது யூக்ளிட் காலத்துத் தேற்றம். நம் எண் தருவது 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128. பத்தொன்பது இலக்கங்கள், எட்டாவது நிறைவெண். இரட்டைப்படை நிறைவெண் எதுவானாலும் இந்த வடிவில்தான் இருக்கும் என்று நிறுவியவரும் ஆய்லரே.

பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1811இல், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார். பயனற்ற ஆர்வத்துக்காக யாரும் அவ்வளவு கணக்குப் போட மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 1876இல் லூக்காஸ் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2-இன் 136279841 அடுக்கு கழித்தல் 1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்.

இதன் அக்கம்பக்கத்து எண்கள் எப்படி?

முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. எனவே இது இரட்டைப் பகா எண் அல்ல.

ப − 1 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. ப + 1 = 2³¹. இந்த இரண்டு வரிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல விடைகள் இவற்றிலிருந்துதான் வருகின்றன. 2ப + 1 = 3 × 5 × 17 × 257 × 65537 என்று, தெரிந்த ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகப் பிரிவது ஓர் அழகு. (2³¹ + 1) ÷ 3 = 715827883 என்பதும் பகா எண்ணே.

ப-வால் வகுத்து மீதி காண்பது ஏன் இவ்வளவு வேகம்?

வகுத்தலே தேவையில்லை. ப-வைப் பொறுத்தவரை 2³¹ = 1. ஆகவே பெரிய எண்ணை 31 பிட்டுகளில் வெட்டி, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் கூட்டினால் போதும். பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் படித்தவர்களுக்கு இது உடனே புரியும்: தசம முறையில் 9ஆல் வகுக்க இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே தத்துவம்.

ஒரு கணக்கு: 282475249 × 16807 = 4747561509943. இதில் 2147483648 எத்தனை முறை அடங்கும்? 2210 முறை. மிச்சம் 1622647863. இரண்டையும் கூட்டினால் 1622650073. அதுதான் மீதி. கணினியில் இது ஒரு வலப்பெயர்ச்சி, ஒரு பிட்வாரி 'மற்றும்', ஒரு கூட்டல், அவ்வளவே.

கவனிக்க வேண்டியவை மூன்று. பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள், இரு எண்களில் ஒன்றைப் பெருக்கும் முன்பே 64 பிட்டாக மாற்ற வேண்டும். பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை. இரண்டாவது, துண்டுகளின் கூட்டுத்தொகை ப-வைத் தாண்டலாம், ஆனால் 2ப-வை எட்டாது. எனவே ஒரு முறை ப-வைக் கழித்தால் போதும். ஆனால் அந்தக் கூட்டுத்தொகையையும் 64 பிட்டிலோ குறியற்ற 32 பிட்டிலோ வைத்திருங்கள். மூன்றாவது, ப-வும் 0-வும் இங்கே ஒன்றே. 'கூட்டுத்தொகை ப-வை விடப் பெரிதா' என்று மட்டும் சோதித்து 'சமமா' என்பதை விட்டுவிட்டால், பூஜ்யம் சில இடங்களில் 0 என்றும் சில இடங்களில் 2147483647 என்றும் சேமிக்கப்படும். சமன்பாட்டுச் சோதனை எப்போதோ ஒருமுறை தோற்கும். தேடிப் பிடிக்கக் கடினமான பிழை இது.

ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 2⁵³ வரைதான் துல்லியம். ப-வுக்குக் குறைவான இரண்டு எண்களின் பெருக்கல் 2⁶² வரை போகும். கீழ் இலக்கங்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அங்கே பெரிய முழு எண் வகையைப் பயன்படுத்துங்கள். விரிதாள்களிலும் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் இல்லை.

சமவாய்ப்பு எண் உருவாக்கத்தில் இதன் பங்கு என்ன?

லேமர் முறை: புதிய எண் = 16807 × பழைய எண், ப-வால் வகுத்த மீதி. ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிக்காக 1969இல் முன்வைக்கப்பட்டது. பார்க், மில்லர் இருவரும் 1988இல் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று வரும். பத்தாயிரமாவது எண் 1043618065ஆக இருக்க வேண்டும். சி++ தரநிலையும் இதே எண்ணைச் சோதனை மதிப்பாகக் கொடுத்திருக்கிறது.

ஏன் 16807? அது 7⁵. ப-வுக்கு 7 மிகச் சிறிய ஆக்கி எண்: அதன் அடுக்குகள் 1 முதல் ப − 1 வரையுள்ள எல்லா எண்களையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் 1க்குத் திரும்பும். 5 என்ற அடுக்குக்கும் ப − 1-க்கும் பொதுக் காரணி இல்லாததால் 16807-க்கும் அதே தன்மை. எனவே சுற்றின் நீளம் 2147483646. இரண்டைப் போட்டிருந்தால் 31 எண்களிலேயே சுற்று முடிந்திருக்கும். ஏதாவது ஓர் எண் ஆக்கியா என்று பார்க்க, ப − 1-இன் ஏழு பகாக் காரணிகளால் (2, 3, 7, 11, 31, 151, 331) ப − 1ஐ வகுத்துக் கிடைக்கும் அடுக்குகளுக்கு அதை உயர்த்துங்கள். எதிலும் 1 வரக்கூடாது. அப்படிப்பட்ட ஆக்கிகள் மொத்தம் 53,46,00,000.

விதை எண் (தொடங்கும் எண்) 0ஆக இருக்கக் கூடாது, ப-வாகவும் இருக்கக் கூடாது. இரண்டிலும் முடிவில்லாமல் பூஜ்யமே வரும்.

64 பிட் இல்லாத கருவிகளில் ஷ்ராகே முறை கைகொடுக்கும். ப = 16807 × 127773 + 2836. பழைய எண்ணை 127773ஆல் வகுத்து, மீதியை 16807ஆல் பெருக்கி, அதிலிருந்து ஈவு × 2836ஐக் கழியுங்கள். விடை எதிர்மமானால் ப-வைக் கூட்டுங்கள். எந்தப் படியிலும் 31 பிட்டைத் தாண்டாது.

இன்று பெரிய உருவகப்படுத்தலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். இருநூறு கோடி சொச்ச எண்களை இன்றைய கணினி சில நொடிகளில் தீர்த்துவிடும். மேலும் ஒரு சுற்றில் எந்த எண்ணும் திரும்ப வராது; உண்மையான சமவாய்ப்பில் அப்படி நடக்காது. பாடம் கற்பிக்கவும், சிறு விளையாட்டுகளுக்கும், பழைய முடிவுகளை மீளுருவாக்கவும் நல்லது.

சரங்களுக்கு ஹேஷ் எடுக்க இதை வைத்துக்கொள்ளலாமா?

ஹேஷ் என்பது ஓர் எழுத்துத் தொடரை (சரத்தை) ஓர் எண்ணாகச் சுருக்குவது: எழுத்துகளின் எண்களை ஓர் அடிமான எண்ணின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டி, ப-வால் வகுத்த மீதியை எடுப்பார்கள். சிறிய அளவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுமார் 54,500 வெவ்வேறு சரங்கள் சேர்ந்தாலே ஏதோ இரண்டு மோதுவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிவிடும். லட்சக்கணக்கில் சரங்கள் உண்டென்றால் 2⁶¹ − 1-க்கு மாறுங்கள். அதுவும் மெர்சென் பகா எண்ணே, மீதி காணும் உத்தி அப்படியே பொருந்தும். பெருக்கலுக்கு மட்டும் 128 பிட் வேண்டும். அடிமான எண்ணை நிரல் ஓடும்போது சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுங்கள். நிலையாக எழுதிவைத்தால், மோதும் சரங்களை வேண்டுமென்றே உருவாக்கிவிடுவார்கள்.

வர்க்கமூலமும் தலைகீழும் காண்பது எப்படி?

வர்க்கமூலம் இங்கே வியக்கத்தக்க அளவு எளிது. ப-வை 4ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால், ஓர் எண்ணை (ப + 1)/4 அடுக்குக்கு உயர்த்தினால் அதன் வர்க்கமூலம் கிடைக்கும். (ப + 1)/4 = 2²⁹. அதாவது 29 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்துங்கள், வேறு பெருக்கலே கிடையாது. முடிவை வர்க்கப்படுத்திச் சரிபார்க்க மறக்காதீர்கள்: எண்களில் பாதிக்கு வர்க்கமூலமே இல்லை. அவற்றுக்கு இந்த முறை, எதிர்ம எண்ணின் மூலத்தைத் தந்துவிடும்.

தலைகீழுக்கு (பெருக்கினால் மீதி 1 தரும் எண்ணுக்கு) ப − 2 அடுக்கு, அல்லது விரிவாக்கிய யூக்ளிட் முறை. இரண்டின் தலைகீழ் 2³⁰ = 1073741824. இரண்டால் பெருக்குவது என்பது 31 பிட்டுகளை ஓரிடம் சுழற்றுவதே.

மறையாக்கத்துக்குப் போதுமான பெரிய எண்ணா?

இல்லவே இல்லை. 31 பிட் என்பது மறையாக்கத்தில் ஒன்றுமே இல்லாத அளவு. அதற்கு மேல், ப − 1-இன் மிகப் பெரிய பகாக் காரணி வெறும் 331 என்பதால் தனிநிலை மடக்கைக் கணக்கை (மீதியைக் கொண்டு அடுக்கைக் கண்டுபிடிக்கும் கணக்கை) போலிக்–ஹெல்மன் முறையில் சிறு சிறு துண்டுகளாக உடைத்துக் கைக்கணக்காகவே முடித்துவிடலாம்.

ஆனால் வேறொரு வழியில் இதற்கு மறையியலில் புது வாழ்வு கிடைத்திருக்கிறது. ரகசியத்தை வெளிப்படுத்தாமல் நிரூபிக்கும் முறைகளுக்கு, இரண்டின் பெரிய அடுக்கு அளவுள்ள குலம் (தனக்குள்ளேயே பெருக்கிக்கொள்ளும் உறுப்புகளின் தொகுதி) ஒன்று தேவை. ப − 1-இல் 2 ஒரே ஒருமுறைதான் வருகிறது, அது உதவாது. மாறாக, ப-வை மட்டாகக் கொண்டு x-க்குப் பதில் 'கி', y-க்குப் பதில் 'செ' என்று எழுதினால், கி² + செ² = 1 என்ற வட்டத்தில் உள்ள புள்ளிகள் சரியாக ப + 1, அதாவது 2³¹. 2024இல் வெளிவந்த வட்ட ஸ்டார்க் முறை இதைத்தான் பயன்படுத்துகிறது. பாதுகாப்புக்கு வேண்டிய சமவாய்ப்பு எண்களை மட்டும் இதன் மேல் கட்டப்பட்ட பெரிய எண் அமைப்பான விரிவாக்கக் களத்திலிருந்து எடுப்பார்கள்.

கணினியின் உச்ச வரம்பு பகா எண்ணாக அமைந்தது திட்டமிட்டதா?

தற்செயல். 32 பிட்டில் ஒன்று குறிக்குப் போக 31 மிஞ்சுகிறது. 31 மெர்சென் அடுக்காக அமைந்துவிட்டது. 16 பிட்டின் உச்சம் 32767 = 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சமான 2⁶³ − 1-உம் பகு எண்தான், 63 பகு எண் என்பதால்.

1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கருவிகளுக்கு இந்த வரம்பு 2038 ஜனவரி 19 அன்று வருகிறது. இந்திய, இலங்கை நேரப்படி காலை 8:44:07. அடுத்த நொடியில் கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும். நேரத்தை 64 பிட்டில் வைப்பதே தீர்வு. தரவுத்தளப் பத்திகளையும் கோப்பு வடிவங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒற்றைத் துல்லிய மிதவை எண்ணில் ப-வைச் சேமித்தால் அது 2147483648 ஆகிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ப-வையே அடுக்காக வைத்தால்?

31 தானே 2⁵ − 1. ஆகவே ப ஒரு இரட்டை மெர்சென் எண். இவ்வகையில் தெரிந்த பகா எண்கள் நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. அடுத்த கட்டமாக 2-இன் ப அடுக்கு கழித்தல் 1 என்று எழுதினால், 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் வரும். அது பகு எண். 1983இல் கிடைத்த அதன் காரணி 295257526626031.

இதைச் சரிபார்க்க அந்தப் பெரிய எண்ணை எழுதவே வேண்டாம். காரணி 2 × க × ப + 1 வடிவில் இருக்க வேண்டும். 137490 × 2147483647 + 1 என்று பெருக்கிப் பாருங்கள், பொருந்தும். பிறகு பைத்தானின் அடுக்கு–மீதிச் செயற்கூற்றில் 2, 2147483647, 295257526626031 என்று மூன்று எண்களையும் வரிசையாகக் கொடுங்கள். விடை 1 என்று உடனே வரும்.